சாவிக்கொத்தும் ரெய்டு மச்சானும்

அலுவலகத்தில் அவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. இடுப்பில் தொங்கும் கொத்தின் சத்தம் அவருக்கு முன்னால் வந்துவிடும். கேண்டீனில் அவரைப் பற்றி வம்பு பேசிக்கொண்டிருப்பவர்கள் அதைக் கேட்டதும் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கொத்தில் இருந்தது அத்தனையும் கார் சாவி. அந்தக் கார்களில் ஒன்றுகூட அவருடையது இல்லை. அவர் வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஸ்கூட்டர், அதையும் பாதி நாள் மனைவிதான் எடுத்துக்கொண்டு போவாள்.

அவர் வேலை பார்த்தது, குற்றத்தில் சம்பாதித்த சொத்தைப் பறிமுதல் செய்கிற இலாகாவில். ஊரை ஏமாற்றியவன், லஞ்சம் தின்றவன், போதைமருந்து விற்றவன் என்று இவர்கள் வாங்கிக் குவித்ததையெல்லாம் கோர்ட் உத்தரவோடு போய் அள்ளிக்கொண்டு வருவது இலாகாவின் தொழில். அள்ளுகிறவர்கள் ஒரு பிரிவு. அள்ளியதை வழக்கு முடிந்து ஏலம் போடுகிறவரை கெடாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு பிரிவு. முதலாவதுக்கு ரெய்டுப் பிரிவு என்று பெயர். கண்ணாடிக் கதவு, ஏசி, புது ஜீப்புகள், மேசைக்கொரு கம்ப்யூட்டர் என்று அவர்களுக்கு ஒரு முழு மாடி. இரண்டாவதுக்குக் கிடங்கு என்று பெயர். ஊருக்கு வெளியே நீளமாக ஒரு தகரக் கொட்டகை, வாசலில் ஒரு காவலாளி, உள்ளே ஒரு சாவிக்கொத்து. அவ்வளவுதான் பிரிவு.

எல்லா அலுவலகத்திலும் இருக்கிற ஓரவஞ்சனைதானே, இதற்கா ஒரு மனிதன் வயிறெரிந்து சாவான் என்று கேட்கலாம். ரெய்டுப் பிரிவின் தலைவர் அவருடைய மச்சான். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். இப்போது சொல்லுங்கள்.

இலாகாவில் ஆள் எடுக்கிறார்கள் என்று அந்த மச்சானிடம் சொன்னதே சாவிக்கொத்துதான். கெட்ட நேரம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ரெய்டுப் பிரிவுக்குத் தேர்வு எழுதினார்கள். எழுத்துத் தேர்வில் இவருக்குத்தான் மார்க் அதிகம். ஆனால் ரெய்டுக்குப் போகிறவன் ஓடவும் வேண்டுமே. ஓட்டத் தேர்வில் பாதி மைதானத்தில் முழங்கால் பிசகி உட்கார்ந்துவிட்டார், அதனால் கிடைத்தது கிடங்கு. மச்சான் ஓடி முடித்துக் கோட்டைத் தொட்டுவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்து இவரைத் தோளில் தாங்கிக் கூட்டிக்கொண்டு போனார். அந்தத் தோளைச் சாவிக்கொத்து இன்றுவரை மன்னிக்கவில்லை.

பேச்சில் மச்சானுக்கு மரியாதை குறையாது. "வாங்க மச்சான், உக்காருங்க மச்சான்" என்று வாய் நிறையச் சொல்வார். மனசுக்குள் மட்டும் எப்போதும் 'இவன்'தான்.

ஒவ்வொரு ரெய்டுக்கும் பேப்பரில் படம் வரும். ஏதாவது ஒரு பெரிய பங்களா வாசலில், கையில் ஃபைலோடு, கொஞ்சம் கூச்சத்தோடு நிற்பார் மச்சான். அந்தக் கூச்சம்தான் சாவிக்கொத்துக்கு ஆகவே ஆகாது. பெருமையடித்துக்கொண்டால் திட்டவாவது செய்யலாம். மனைவி படத்தைக் கத்தரித்து ஃப்ரிஜ் கதவில் ஒட்டிவிடுவாள். தண்ணீர் குடிக்கப் போனால் மச்சான், பால் எடுக்கப் போனால் மச்சான். வெயில் காலத்தில்கூடச் சாவிக்கொத்து குழாய்த் தண்ணீர் குடிக்கப் பழகிவிட்டார்.

"எங்க அண்ணன் மாதிரி வருமா?" என்பாள் மனைவி, யாரிடமாவது போனில். அதில் அவளுக்குக் கள்ளம் எதுவும் இல்லை. யார் அண்ணன் மாதிரி வரமாட்டார் என்று அவள் சொல்லவில்லைதான். ஆனால் அந்த அறையில் வேறு யார் இருந்தார்கள்?

மச்சானின் ஒவ்வொரு வெற்றியும் கிடங்கில்தான் வந்து இறங்கும். அங்கே மாலை மரியாதை கிடையாது. கார்கள் வரும். வெள்ளை, கறுப்பு, ஒன்று தங்க நிறம். தண்ணீரே இல்லாத அந்தக் கொட்டகைக்கு ஒரு படகு வந்தது. உட்கார்ந்தால் தானே முதுகை அமுக்கிவிடுகிற மசாஜ் நாற்காலி வந்தது. மேலதிகாரிகள் கிடங்கைச் சோதனையிட அதன்பிறகு அடிக்கடி வர ஆரம்பித்தார்கள். ஒருமுறை குதிரையே வந்தது. பந்தயக் குதிரை. ரெய்டுப் பிரிவு அதற்கும் ஒரு சீட்டு ஒட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டது. குதிரை என்ன தின்னும், அதற்கு எந்தக் கணக்கில் பணம் என்று எந்த விதியிலும் இல்லை. கடைசியில் கொள்ளும் புல்லும் 'வாகன எரிபொருள்' என்ற தலைப்பில் பாஸ் ஆயின. அது ஏலம் போகிறவரை சாவிக்கொத்தே லாயம் கூட்டினார். பேப்பரில் குதிரையோடு மச்சான் நிற்கிற படம் வந்தது. சாணி அள்ளுகிற படம் எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

ஆள் வேண்டும் என்று எழுதினார். வரவில்லை. கூரை ஒழுகுகிறது என்று எழுதினார். ஒழுகுகிற இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டாம் என்று பதில் வந்தது. இலாகாவுக்கு வருகிற பணமெல்லாம் ரெய்டுப் பிரிவின் வழியாகத்தான் பிரியும் என்பதால், ஒரு கேன் பெட்ரோல் வேண்டுமென்றாலும் மச்சானின் மேசைக்குத்தான் போகவேண்டும். மச்சான் இல்லை என்று சொல்லமாட்டார். "அடுத்த மாசம் பாக்கலாம் மாப்பிள்ளை" என்பார், நிஜமாகவே வருத்தத்தோடு. அடுத்த மாதம் பெரிய ரெய்டு ஒன்று வந்துவிடும், ஜீப்புகள் அந்தப் பெட்ரோலைக் குடித்துவிடும்.

எதற்குப் பெட்ரோல்? அங்கேதான் சாவிக்கொத்தின் வேலையே இருக்கிறது. நிற்கிற கார் செத்துப்போகும். பேட்டரி இறங்கும், டயர் தரையோடு தட்டையாகும், எலி வந்து வயரைக் கடிக்கும். அதனால் வாரம் ஒருமுறை, டாங்கில் மிச்சமிருக்கிற பெட்ரோலை வைத்தே, ஒவ்வொரு காரிலும் ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடாகிறவரை இருந்து, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே நகர்த்திவிட்டு இறங்குவார். யாரும் செய்யச் சொல்லவில்லை. எந்த உத்தரவிலும் இல்லை. பிடித்து வந்த பொருள் பிடித்தபடியே இருக்கவேண்டும் என்பதால் சீட்டை முன்னே பின்னே நகர்த்தவும் மாட்டார். நெட்டைத் திருடனின் காரில் கால்விரல் நுனியால் பெடலைத் தேடுவார். குட்டைத் திருடனின் காரில் முழங்கால் முகவாயை இடிக்கும். எவன் எவ்வளவு உயரம் என்று கேட்டால் போலீஸைவிடச் சரியாகச் சொல்வார்.

கூட்டத்தில் ஒரே ஒரு கார் அவர் அளவுக்குச் செய்தது போல இருந்தது. பழைய சின்ன வெள்ளைக் கார். யாரோ ஒரு மோசடிக்காரன் தன் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தது. ஸ்டியரிங்குக்கு அந்தம்மா நூலில் உறை பின்னிப் போட்டிருந்தார். அதில் ஏறினால் மட்டும் சாவிக்கொத்து கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்திருப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் இலாகாவைத் திருத்தியமைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. நிதித் துறையிலிருந்து ஒரு குழு வரும். பெரிய ஏலத்தன்று நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லும். கிடங்கைத் தனிப் பிரிவாக்கி அதற்கென்று ஆளும் பணமும் தலைவரும் கொடுப்பதா, அல்லது அப்படியே ரெய்டுப் பிரிவுக்குக் கீழே போட்டுவிடுவதா? தனிப் பிரிவானால் தலைவர் பதவி சாவிக்கொத்துக்குத்தான். அனுபவத்தில் அவரை விட்டால் ஆள் இல்லை. கீழே போட்டுவிட்டால், ஒருநாள் லீவு வேண்டுமென்றாலும் மச்சானின் மேசைக்கு முன்னால் போய் நிற்கவேண்டும்.

நினைத்தாலே அவருக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. பெட்ரோலுக்கு நிற்பது வேறு, அது இலாகாவின் பெட்ரோல். லீவுக்கு நிற்பது, காய்ச்சலுக்கு நிற்பது, மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்று நிற்பது வேறு. அதையெல்லாம் 'இவன்' தலையாட்டித் தரவேண்டும், சாயங்காலம் அது மனைவிக்கும் தெரியவேண்டும்.

ஏலத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தலைமை அலுவலகத்து டைப்பிஸ்ட் அம்மா அவரை மாடிப்படியில் நிறுத்தினாள்.

"உங்களுக்குச் சொல்லலாமோ கூடாதோ தெரியல சார். எல்லாம் முடிவாயிடுச்சுன்னு பேசிக்கறாங்க. கிடங்கு உங்க மச்சானுக்குக் கீழதானாம். ஏலத்தையும் அவரேதான் நடத்தறாராம், வண்டிங்க ஒண்ணொண்ணா தானா ஓடி மேடைக்கு வரும், நீங்களே பாருங்கன்னு குழுக்கிட்ட சொல்லியிருக்காராம்."

"நல்லதுதானே?" என்றார் சாவிக்கொத்து. சிரித்துவிட்டுத்தான் படியிறங்கினார். கிடங்குக்குப் போய்ச் சேருகிறவரை அந்தச் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டு வலித்தது.

தானா ஓடி வருமாம்! யார் ஓட வைத்த வண்டி? யார் கால்விரல் நோக நோகப் பெடல் மிதித்த வண்டி? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று இவன் மேடையில் நின்று மைக்கைப் பிடிப்பான், குழு கைதட்டும், மறுநாள் பேப்பரில் வரும், அதற்கடுத்த நாள் ஃப்ரிஜ்ஜில் வரும்.

அந்த வாரம் அவர் எந்த வண்டியிலும் ஏறவில்லை. அடுத்த வாரமும் ஏறவில்லை, அதற்குப் பிறகும் ஏறவில்லை. பேட்டரியைக் கழற்றிவிடவும் இல்லை, வயரை அறுக்கவும் இல்லை. அப்படியெல்லாம் செய்கிற துணிச்சல் அவருக்குக் கிடையாது. செய்யச் சொல்லாத ஒன்றைச் செய்யாமல் விட்டார், அவ்வளவுதான். எந்தச் சட்டத்தில் இது குற்றம்? காவலாளிகூட ஒருநாள் கேட்டான்.

"என்ன சார், இந்த வாட்டி வண்டி எதுவும் உறுமல?"

"முழங்கால் வலி" என்றார்.

வண்டிகள் செத்தால் தன் பேரும்தான் கெடும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனப்பிழை செய்கிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். ஆனால் மூக்கை அறுக்கிற நேரத்தில் அவனுக்கு இருக்கிற சந்தோஷம் ஊருக்குத் தெரியாது. கொட்டகை ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வரிசையாகத் தூசி படிகிற கார்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மேடையில் மச்சான் வாயடைத்து நிற்பதை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார். வெகு நாள் கழித்து அவருக்கு நன்றாகப் பசித்தது.

அந்த வெள்ளைக் காரை மட்டும் விட முடியவில்லை. அது என்ன பாவம் செய்தது? அதில் மட்டும் வாராவாரம் ஏறி, காவலாளி டீ குடிக்கப் போகிற நேரமாகப் பார்த்து, ஸ்டார்ட் செய்து, நகர்த்தி, துடைத்துவிட்டு இறங்கினார்.

ஏலத்தன்று கிடங்கு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். வாங்க வந்தவர்கள் நம்பர் அட்டையோடு நாற்காலிகளில் இருந்தார்கள். முன்வரிசையில் இலாகாவின் இயக்குநர் அம்மாவும், நிதிக் குழுவின் மூன்று பேரும். குழுத் தலைவி ஒல்லியான, கண்ணாடி போட்ட பெண்மணி. எதைப் பார்த்தாலும் அதன் விலையை யோசிக்கிற முகம். மச்சான் சலவைச் சட்டையோடு மைக்கைப் பிடித்து, வழக்கமான கூச்சத்தோடு நாலு வார்த்தை பேசிவிட்டுக் கையைக் காட்டினார். டிரைவர் பெரிய கறுப்புக் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

டிக் என்றது. மறுபடியும் டிக். அப்புறம் அதுவும் இல்லை.

"அடுத்ததை எடுங்க" என்றார் மச்சான். அடுத்தது டிக்கென்றுகூடச் சொல்லவில்லை. தங்க நிறக் கார் இருமி இருமி அடங்கியது. அதற்கடுத்ததின் டயர் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவன் எழுந்து, "ஏங்க, இது ஏலமா, இரங்கல் கூட்டமா?" என்றான். பந்தல் முழுக்கச் சிரித்தது. இயக்குநர் அம்மாவின் முகம் சிவந்தது. குழுத் தலைவி எதையோ எழுதிக்கொண்டாள். மச்சானின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

தூணோரம் நின்ற சாவிக்கொத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்லக்கூடாது, குளிரத்தான் செய்தது. இத்தனை வருஷத்து எரிச்சலுக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியது போல.

டிரைவர் வெறுத்துப்போய், கடைசி வரிசையில் நின்ற வெள்ளைக் காரில் ஏறினார். சாவியைத் தொட்டாரோ இல்லையோ, அது உறுமிக்கொண்டு கிளம்பியது. வளைந்து நெளிந்து மேடைக்கு முன்னால் வந்து நின்றது. துடைத்த கண்ணாடி வெயிலில் மின்னியது. கூட்டம் கைதட்டியது.

மச்சான் அந்தக் காரைப் பார்த்தார். செத்துக் கிடந்த மற்ற கார்களின் மேலிருந்த தூசியைப் பார்த்தார். பிறகு திரும்பித் தூணோரம் பார்த்தார். திருட்டுச் சொத்தை மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கிறவனுக்கு இது ஒரு பெரிய வித்தையா? சாவிக்கொத்து தூணுக்குப் பின்னால் அரை அடி நகர்ந்தார்.

மச்சான் மைக்கை அணைத்துவிட்டு முன்வரிசைக்குப் போனார்.

"மேடம், இதுக்குக் காரணம் நான்தான். பிடிச்சுட்டு வர்றதோட வேலை முடிஞ்சதுன்னு நெனச்சிட்டேன். பிடிக்கறதுக்கு எங்ககிட்ட ஒரு படையே இருக்கு. காப்பாத்தறதுக்கு அதோ அந்த ஒரே ஒரு ஆள். வாராவாரம் ஒவ்வொரு வண்டியா ஏறி அவரு ஸ்டார்ட் பண்ணுவாரு, முட்டி வலியோட. ஆள் குடுங்கன்னாரு, பெட்ரோல் குடுங்கன்னாரு. நான் குடுக்கல. ஒரு ஆளால முடிஞ்சது அந்த ஒரு வண்டி. அதுதான் ஓடுது."

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சாவிக்கொத்தைக் கூப்பிட்டாள்.

"இவர் சொல்றது உண்மையா?"

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. எல்லாம் சேர்ந்தால் பொய். பந்தலே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமாங்க" என்றார் சாவிக்கொத்து.

அடுத்த மாதமே உத்தரவு வந்துவிட்டது. கிடங்கு தனிப் பிரிவு. தனிப் பணம், புதுக் கூரை, ஒரு மெக்கானிக், நான்கு பணியாளர்கள், தலைவர் சாவிக்கொத்து. டைப்பிஸ்ட் அம்மா வந்து, "நான் கேள்விப்பட்டது தப்பு சார், மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, வேறு யாரிடமோ எதையோ சொல்லப் போய்விட்டாள். வீட்டில் மனைவிக்கு நிலைகொள்ளவில்லை.

"எங்க அண்ணன் மட்டும் அன்னைக்கு வாயைத் தெறக்கலன்னா உங்களை யாருங்க திரும்பிப் பாத்திருப்பா?"

"யாரும் பாத்திருக்க மாட்டாங்க" என்றார். இந்தப் பதில் அவருக்கே புதிது. மனைவி சந்தேகமாக நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பணியாளர்கள் பொறுப்பேற்கிற நாளில் மச்சானே அவர்களை ஜீப்பில் கூட்டிவந்தார். நால்வரும் ரெய்டுப் பிரிவு ஆட்கள். புது ஆள் எடுக்கப் பணம் இல்லை என்று குழு கையை விரித்ததாம். தன் பிரிவிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று மச்சான் எழுதிக் கொடுத்தாராம். ஜீப் டிரைவர் சொல்லித்தான் இதுவும் தெரிந்தது. பணியாளர்கள் உள்ளே போனதும் கார் வரிசைக்கு நடுவில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள்.

சாவிக்கொத்து ஒரு சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். பல நாளாக ஒத்திகை பார்த்த சண்டை. திட்டினால் திருப்பித் திட்ட வேண்டிய வார்த்தைகளெல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. 'பெட்ரோல் தராத குற்றத்தை ஒப்புக்கொண்டே நல்லவன் என்று பெயர் வாங்கிவிட்டாயே' என்பதுகூட இருந்தது. ஒருமுறை, ஒரே ஒருமுறை இவன் குரலை உயர்த்தினால் போதும். அப்புறம் ஆயுசு பூராவும் நிம்மதியாக இவனை வெறுக்கலாம்.

கடைசியில் இவரே ஆரம்பித்தார்.

"அன்னைக்கு உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சுல்ல மச்சான்?"

"என்ன மாப்பிள்ளை?"

"வண்டிங்க ஏன் ஓடலன்னு. நான்தான்..."

மச்சான் கையை நீட்டி, பக்கத்துக் காரின் பானெட்டில் படிந்திருந்த தூசியை விரலால் வழித்தார்.

"நீங்க கேட்டதை நான் குடுக்காம இருந்தது பொய்யில்லையே. உங்க எடத்துல நான் இருந்திருந்தா எப்பவோ நிறுத்தியிருப்பேன்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "இதை என் தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவளுக்கு உங்க மேல ரொம்பப் பெருமை. என்கிட்ட போன்ல உங்களைப் பத்தியேதான் பேசுவா" என்றார்.

அவ்வளவுதான். தோளில் லேசாகத் தட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஜீப் கிளப்பிய புழுதி அடங்குகிறவரை சாவிக்கொத்து அப்படியே நின்றார். உள்ளேயிருந்து புதுப் பணியாளர் ஒருவன் வந்து, "தலைவரே, எந்த வண்டியில இருந்து ஆரம்பிக்கணும்?" என்று கேட்டது காதில் விழவில்லை.

கடவுள் இவனுக்கு மைதானத்தில் ஓடக் கால் கொடுத்தான், சரி. மாடி கொடுத்தான், ஜீப் கொடுத்தான், பேப்பரில் படம் கொடுத்தான், அதையும் பொறுத்துக்கொள்ளலாம். தனக்குத் துரோகம் செய்தவனை மன்னித்துவிட்டு, அதை வெளியே சொல்லாமல் வீட்டுக்குப் போகிற மனசையும் இவனுக்கே கொடுத்திருக்கிறானே கடவுள்! அதில் பாதியாவது தனக்குக் கொடுத்திருக்கக் கூடாதா என்று நினைத்தபோது, ஒருநாளும் இல்லாதபடி, சாவிக்கொத்துக்கு வயிறு பற்றி எரிந்தது.